கையும் ஏடும்

(செங்கற்பட்டில் நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கலையையும் கல்வியையும் பற்றிச் சில சொல்லுமாறு என்னைப் பணித்தீர்கள். பொதுவாகப் பேசுவதினும் ஒருவர் வாழ்க்கையை முன்வைத்துப் பேசுதல் பயன்றருமெனக் கருதி, மிருதங்க வித்துவானும் பல்கலைக்கழகப் பேராசிரியருமாக விளங்கிய திருச்சி சங்கரன் அவர்களைப் பற்றிக் கூற விழைகின்றேன்.

அதற்குமுன் நம் கடற்கரையைச் சிறிது நினைவுகூர்வோம். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை எடுப்பித்த இராசசிம்ம பல்லவன், காஞ்சிக் கைலாசநாதர் கோயிற் கல்வெட்டில் 'வாத்திய வித்தியாதரன்' என்று புகழப்படுகின்றான். அவன் முன்னோனாகிய முதலாம் மகேந்திரவர்மனுக்குச் 'சங்கீர்ணசாதி' என்பதொரு பட்டப்பெயர். ஒன்பது எண்ணிக்கையுடைய தாளச் சாதியோடு அதனை இயைத்துப் பொருளுரைப்பாரும் உளர். முடியுடை வேந்தர் கல்லில் வெட்டிப் பெருமைகொண்ட வித்தையை, அதனையே வாழ்வாகக் கொண்ட நாம் ஓலையிலேனும் எழுதிவைத்தோமா? பெரும்பாலும் இல்லை.

என் பாட்டனார் தவில் வாசித்தவர். அவர் வாயாற் சொல்லி விரலாற் காட்டிய கோவைகளும் மோராக்களும் அவரோடே மறைந்தன. யான் இலக்கணங் கற்றேன். அவருடைய சொற்கட்டில் ஒரு வரியும் என்னிடம் இல்லை. தவில் மட்டும் பரணிற் கிடக்கின்றது. இக்குறை என் வீட்டிற்கு மட்டும் உரியதன்று என்பதை நீவிர் அறிவீர்கள்.

நிற்க. சங்கரன் அவர்கள் 1942-இல் திருச்சிராப்பள்ளிச் சீமையிற் பூவாளூரிற் பிறந்தவர். இளமையிலேயே பழனி சுப்பிரமணிய பிள்ளையவர்களுக்கு மாணாக்கரானார். பழனியார் (1908–1962) நம் மரபினர். மான்பூண்டியா பிள்ளையவர்களின் புதுக்கோட்டை வழியில் வந்த லயச்செல்வர். அவர் இடக்கையர். அதனால் மேடையிற் பக்கவாத்தியக்காரர் இடம்மாறி அமர நேர்ந்தமையின், உடன்வாசிக்க மறுத்தாரும் உண்டு. அவ்விடையூற்றையெல்லாங் கடந்து அவர் காத்த செல்வத்தை மாணாக்கர் இருவர் கடல்கடந்து கொண்டுசென்றனர்.

ஒருவர் நம் குலமணியாகிய வீணை தனம்மாளின் பேரர் டி. ரங்கநாதன் அவர்கள். அவர் 1963-இல் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கத் தொடங்கினார். மற்றவர் சங்கரன் அவர்கள். இவர் 1971-இல் கனடா தேசத்து டொராண்டோ நகரில் யார்க் பல்கலைக்கழகத்தை அடைந்து, ஜான் ஹிக்கின்ஸ் என்னும் பாடகரோடு கூடி, ஆங்கு இந்திய இசைக் கல்வியை நிறுவினார்.

சொற்கட்டை வாயாற் சொல்லி, கையாற் றாளமிட்டு, பின்னரே தோலைத் தொடுதல் நம் பண்டை முறை. தமிழறியாத மாணாக்கர்க்கு அதனைக் கற்பிக்க வேண்டின், எது எதனாற் பிறந்தது, எவ்வெண் எங்ஙனம் அடங்குகின்றது என்று காரணங்காட்டல் வேண்டும். அத்தேவையே எழுத்தாயிற்று. தென்னாட்டு முழவிசையின் லய நெறிகளைப் பற்றி 1994-இலும், கொன்னக்கோலைப் பற்றி 2010-இலும் அவர் ஆங்கில நூல்கள் வெளியிட்டார். எழுதியதனாற் கை தளர்ந்ததோ? இல்லை. சென்னை மியூசிக் அகாடமி 2011-இல் அவருக்குச் 'சங்கீத கலாநிதி' என்னும் விருதளித்தது.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று பெரியோர் சிலர் நகைக்கலாம். மெய்யே, ஏடு வாசிக்காது, கைதான் வாசிக்கும். ஆயினும் விதைச் சுரைக்காயைப் பரணிற் காத்தவனுக்கே மறு ஆண்டுக் கறியுண்டு.

நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியபின் முழவினின்று விலக்கிவிடுகின்றோம். முழவுக்கு விடுத்தபின் பள்ளியினின்று நிறுத்துகின்றோம். இரண்டும் ஒருவரிடத்தே பொருந்துமென்பதற்கு இவ்வாழ்க்கையே சான்று. ஆதலின் உங்களை வேண்டுவது ஒன்றே. வீட்டில் வாசித்த முதியவர் எவரேனும் இருப்பின், எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் அருகில் அமர்க. அவர் சொல்லச் சொல்ல எழுதுக. எழுதியதைப் படித்துக் காட்டித் திருத்தம் பெறுக. இன்றே தொடங்குக. என் பாட்டனாரிடம் யான் அமரவில்லை.