தீவுக் கடைக்கு எந்த டேட்டாபேஸ்?

(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சொந்தமாக சாஃப்ட்வேர் செய்து விற்க முனையும் நம் பிள்ளைகளுக்காக இன்று பேசுகிறேன். பில், சரக்கு இருப்பு, கடன் பாக்கி எல்லாவற்றையும் சேமித்து வைப்பது டேட்டாபேஸ். அதைத் தேர்ந்தெடுக்கும்போது பிரபலமான பெயரைப் பார்ப்பதா, வாடிக்கையாளர் இருக்கும் இடத்தைப் பார்ப்பதா?

அந்தமானையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து வரும் கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள அது போர்ட் பிளேரையும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கார் நிக்கோபார் உள்ளிட்ட ஏழு தீவுகளையும் இணைக்கிறது. அதற்கு முன் சாட்டிலைட்டை நம்பித்தான் காலம் ஓடியது. கேபிள் வந்த பின்னும், இணைப்பு ஒரு மணி நேரம் நின்றால் சென்னை சர்வரை நம்பிய கடை பில் போட முடியாது. கப்பலுக்கு நேரமாகிவிட்ட வாடிக்கையாளர் காத்திருப்பாரா?

இதே போன்ற சங்கடத்தை அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கான மென்பொருளில் ரிச்சர்ட் ஹிப் என்பவர் சந்தித்தார். டேட்டாபேஸ் சர்வர் நின்றால் புரோகிராமும் நின்றது. சர்வரே தேவைப்படாதபடி 2000-ல் அவர் உருவாக்கியதுதான் எஸ்க்யூலைட். பெயர் பலருக்குத் தெரியாது. ஆனால் ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் இருக்கிறது. முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல். பாதியில் மின்சாரம் போனால், முடியாத பதிவை அடுத்த முறை திறக்கும்போது தானே ரத்து செய்துவிடும். லைசென்ஸ் கட்டணமும் கிடையாது.

குறையும் உண்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பத்து கவுண்டர் உள்ள கடைக்கு, கடைக்குள்ளேயே ஒரு சர்வர் வைத்து போஸ்ட்கிரெஸ் போடுவதே உத்தமம்.

ஆகவே எதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இணைப்பு இல்லாமல் வேலை நடக்குமா? ஒரே நேரத்தில் எத்தனை பேர் எழுதுவார்கள்? காப்பி எடுப்பதும், வேறு டேட்டாபேஸுக்கு மாற்றுவதும் எளிதா? நாம் இல்லாவிட்டால் வேறொருவர் பராமரிக்க முடியுமா?

இன்னொன்று: கிளைகளின் கணக்கைப் பிறகு தலைமை அலுவலகத்தில் சேர்ப்பதானால், பில் எண்ணுக்கு முன் கிளைக் குறியீடு போடுங்கள். இல்லையேல் இரண்டு தீவிலும் 101-ஆம் பில் இருக்கும்.

நாம் விற்றுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். கடைக்காரரின் பல வருஷக் கணக்கு அதற்குள்தான் இருக்கும். அந்தப் பொறுப்பை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.