வகுப்பறையில் கண்டதை எழுதுதல்

வகுப்பறையில் பிள்ளையின் நடத்தையைப் பதிவதில் முதற் பிழை பெரும்பாலும் ஒரே சொல்லில் நேர்ந்துவிடுகிறது. மட்டக்களப்புப் பக்கத்தில் அந்தச் சொல் ‘குழப்படி’. ‘இவன் சரியான குழப்படி’ என்று கொப்பியில் எழுதினால், பிள்ளை செய்தது என்னவென்று அதில் இராது. எழுதியவரின் சலிப்பு மட்டுமே இருக்கும்.

சம்பவப் பதிவில் திகதி, நேரம், கண்ணால் கண்டது, காதால் கேட்டது ஆகியவை மட்டும் வரும். ஒரு மாதிரி: ‘திங்கள், காலை 8.40, கணித பாடம். கொப்பி திறந்திருக்கிறது, பென்சில் கீழே கிடக்கிறது. தலையை மேசையில் சாய்த்தான். பக்கத்துப் பிள்ளை தட்டி எழுப்பியதும் அவனைத் தள்ளிவிட்டான்.’ ஆசிரியரின் கருத்து கோடு போட்டு அதன் கீழே எழுதப்பட வேண்டும்.

முன்னர் நடந்தது, பிள்ளை செய்தது, பின்னர் நடந்தது என மூன்று நிரல்களில் பத்து நாள் எழுதினால் ஒழுங்கு புலப்படத் தொடங்கும். இரவில் வாவியில் இறால் பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளை முதற் பாடவேளையில் மட்டும் தூங்குவதும், இடைவேளைக்குப் பிறகு உற்சாகமாகக் கை உயர்த்துவதும் நேரம் குறித்திருந்தால்தான் தெரியும்.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எல்லாரையும் இப்படி எழுத முடியாது. அங்கே சரிபார்ப்புப் பட்டியல் உதவும். குறித்த இடைவெளியில் நிமிர்ந்து பார்த்து அடையாளமிடலாம். அமெரிக்கரான பிளாண்டர்ஸ் வகுப்பறைப் பேச்சை 10 வகையாகப் பிரித்து, 3 செக்கனுக்கு ஒரு தடவை குறிக்கும் முறையை வகுத்தார். பாடம் நடத்தியபடியே ஒருவர் அதைச் செய்ய இயலாது; பின்வாங்கில் இன்னொருவர் இருக்க வேண்டும்.

1999இல் இலங்கையெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் அவதானிப்பை ஆசிரியரின் அன்றாடக் கடமையாக்கியது. தரம் 1இல் சேரும் பிள்ளைகளைத் தொடக்க நாட்களில் விளையாட்டின் வழியாக இனங்காண்கிறார்கள். அந்த நாட்கள் வழக்கமாக ஜனவரியில் வரும். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வெள்ளம் வடியாமல் ஒரு பிள்ளை வர முடியாதுபோனால், அதற்குரிய கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். அங்கே ‘பின்தங்கியவர்’ என்று நிரப்புவது அநியாயம்.

பெற்றோரை அழைக்கும்போது அவர்களின் பிள்ளைக்குரிய பக்கத்தை மட்டும் காட்ட வேண்டும். ‘உங்கட மகன் குழப்படி’ என்றால் தாய் தலைகுனிவார். 8.40க்கு நடந்ததை வாசித்துக் காட்டினால், முதல் நாள் இரவு வீட்டில் நடந்ததைச் சொல்வார். அதுவும் அதே பக்கத்தில், திகதியோடு பதியப்படும்.