கொடுப்பவரே வணங்கும் தெரு
(அனந்தபுரத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



கோடை விடுமுறையில் லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங் நகருக்குச் சென்றிருந்தேன். 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஊர் அது. அங்கே விடியற்காலையில் புத்த துறவிகள் வெறுங்காலுடன் வரிசையாக வருகிறார்கள். ஊர் மக்கள் தெருவோரம் பாய் விரித்து, மண்டியிட்டுக் காத்திருக்கிறார்கள். மூங்கில் கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றைச் சிறு உருண்டையாக எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்திலும் இடுகிறார்கள். பேச்சே இல்லை. பெறுபவர் நன்றி சொல்வதில்லை, கொடுப்பவரே வணங்குகிறார். வரிசையின் கடைசியில் கூடையோடு காத்திருக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குத் துறவிகள் தம் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள்.

படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்தினேன். நம் ஆறாம் வகுப்பு மாணவர் வயதுள்ள இளந்துறவி ஒருவர் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். என் கை தானாக இறங்கியது.

நம் பள்ளி நினைவுக்கு வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. தட்டேந்தி நிற்கும் பிள்ளைகளை எத்தனை முறை படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன்! அவர்களில் யாராவது முகம் தாழ்த்தினார்களா என்று பார்த்ததே இல்லை.

மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சையிட்டவள் ஆதிரை என்று வகுப்பில் சொல்கிறோம். அந்தப் பாடம் உணவுக்கூடத்திலும் நடக்கட்டும். பிள்ளைகளை உட்கார வைத்துப் பரிமாறுவோம். வாரம் ஒருநாள் நாமும் அவர்களோடு அமர்ந்து உண்போம். சோறு அவர்கள் உரிமை. கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.