கிண்ணத்தோடு முழங்காலையும் காப்போம்



ஸ்பெயினின் உவெல்வா நகரில் ஃபிளமென்கோ நடனம் ஆடிய சிறுமி கரோலினா மரின், பின்னர் பட்மின்டன் மட்டையைக் கையிலெடுத்தார். 2014, 2015, 2018 ஆண்டுகளில் உலகச் சம்பியனானார். 2016இல் றியோவில் இந்தியாவின் சிந்துவை வென்று, மகளிர் ஒற்றையரில் ஒலிம்பிக் தங்கம் பெற்றார். ஆசியர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதன்முறை.

2019இல் வலது முழங்காலிலும், 2021இல் இடது முழங்காலிலும் எலும்புகளைப் பிணைக்கும் நார் கிழிந்தது. இருமுறையும் மீண்டு வந்தார். 2024இல் பாரிஸ் அரையிறுதியில் முன்னணியில் நின்றபோது வலது முழங்கால் மறுபடியும் கைவிட்டது. எதிர்த்தாடிய சீன வீராங்கனை ஹ பிங்ஜியாவ், பதக்க மேடையில் ஸ்பெயினின் சின்னத்தைக் கையிலேந்தி அவரைக் கௌரவித்தார்.

அவரது மனவுறுதியை நாம் போற்றுகிறோம். ஆனால் வைத்தியர்களாகிய நாங்கள் இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்த நார் அதிகம் கிழிகிறது. பாய்ந்து இறங்கும் முறையையும் தொடைத் தசைகளையும் முறையாகப் பயிற்றினால் பெருமளவு தடுக்கலாம்.

பழைய மாணவியராகிய நாம் கிண்ணங்களும் மட்டைகளும் வழங்குகிறோம். இந்த நூற்றாண்டில் அந்தப் பயிற்சியையும் வழங்குவோம். "கால் நோகுது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அன்றைய ஆட்டத்தை நிறுத்தும் துணிவும் நமக்கு வேண்டும்.