மான் தேடி வரும் விருந்தினர்க்கு

வெளிநாட்டிலிருந்து டிக்கோயாவுக்கு வரும் உறவினர் சிலர், "இம்மலைகளில் மான் வேட்டை ஆடலாமோ?" என வினவுவதுண்டு. ஆடிய காலம் ஒன்றிருந்தது. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், மரை என நாம் வழங்கும் கடமானை நாய்களால் துரத்தி மடக்கிக் கத்தியாற் கொன்றார்; அதனை நூலாகவும் எழுதினார்.

மரைகள் மேயும் ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே வேட்டை குற்றமாகும்; காண்பதற்குத் தடையில்லை. அட்டனிற் புகையிரதம் ஏறி, முதல்நாளே பட்டிப்பொலவை அடைந்து தங்குங்கள். மறுநாள் விடியலில் வாகனத்திற் சென்றால் புல்வெளியில் மரைகளைக் காணலாம். ஏழாயிரம் அடி உயரமாதலால் கம்பளியுடை வேண்டும். தொலைநோக்கியும் இருப்பின் நன்று.

ஒன்றை மறவாதீர்கள். மரை அருகே வந்தாலும் உணவு கொடுக்கலாகாது. கையுணவுக்குப் பழகிய விலங்கு அச்சத்தை இழக்கும். உணவு மணக்கும் பொலித்தீன் பையையும் விழுங்கி மடியும். சிறுத்தை உலவும் அக்காட்டில் அச்சமே அதற்குக் காவல். பேக்கரின் கத்தி செய்ததை, அன்போடு நீட்டும் பாண் துண்டும் செய்துவிடக்கூடும். இதனை உங்கள் விருந்தினர்க்கும் எடுத்துரையுங்கள்.