மாத்திரை வந்தது, சோறு வரவில்லை



இந்த வாசகர் வட்டத்தில் நலத்திட்டங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பட்டியல் வாசிப்பேன் என்று நினைத்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பட்டியல் தாலுகா ஆபீஸ் சுவரில் இருக்கிறது. வெயிலில் வெளுத்துப்போயிருந்தாலும் இருக்கிறது. நான் ஒரே ஒரு நோயைப் பற்றிப் பேசப்போகிறேன். காசநோய். ஊர்வழக்கில் டி.பி. காசநோய்ப் பிரிவில் மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைப் பேசினால்தான் மேடைக்கு மரியாதை.

1956ஆம் ஆண்டு மதராஸில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் இன்று இருக்கிறதே தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அதன் ஆரம்பம் அதுதான். அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம். தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். நல்ல காற்று, படுக்கை, பால், முட்டை, நேரத்துக்கு மருந்து, பக்கத்தில் நர்ஸ். எல்லாம் சரி, ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ சொற்பம். இவ்வளவு பேரையும் எங்கே படுக்க வைப்பது?

அதனால் ஒரு காரியம் செய்தார்கள். நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதிக்கு அவரவர் வீட்டிலேயே சிகிச்சை. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஓராண்டு. வீடு என்றால் என்ன வீடு? பட்டணத்து ஏழைகள் நெருக்கியடித்துப் படுத்த வீடு. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். கூட இருந்த பெண்டு பிள்ளைகளுக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு நம் ஊரில் நடந்த இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். கைதட்டலாம், தப்பில்லை.

கைதட்டியாயிற்று. இனி வருத்தமான பக்கத்துக்கு வருகிறேன்.

சானடோரியம் என்பது வெறும் மருந்து மட்டுமில்லை. மருந்து, சாப்பாடு, ஓய்வு, விசாரிக்க ஓர் ஆள், நான்கும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கூரையைப் பிரித்தபோது மருந்து மட்டும் வீட்டுக்கு வந்தது. மற்ற மூன்றும் ஆளுக்கொரு ஆபீஸுக்குப் போய்விட்டன. இன்றைக்கு மாத்திரை சுகாதாரத் துறையில், அரிசி உணவுத் துறையில், உதவித்தொகை வருவாய்த் துறையில், பணம் வங்கியில். இத்தனைக்கும் நடுவில் நடக்க வேண்டியவர் யார்? இருமிக்கொண்டிருக்கிற அந்த மனிதர்!

இன்னொன்றையும் நாம் மறந்துவிட்டோம். மதராஸ் ஆய்வில் மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, போய் வா என்று அனுப்பிவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போனார்கள். மிச்சம் இருக்கும் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சை ஜெயித்ததில், வீடு தேடிப் போன அந்த ஆட்களுக்குப் பாதிப் பங்கு உண்டு என்பது என் கட்சி. பின்னால் வந்தவர்கள் மாத்திரையை எடுத்துக்கொண்டார்கள், வீடு தேடிப் போகும் ஆளை விட்டுவிட்டார்கள்.

கரும்பு வெட்டப் போகிற ஒருவர். தென்பெண்ணைக் கரையோரத்து ஊர். பெயர் வேண்டாம். நோய் உறுதியாகி, மாத்திரை தொடங்கி, இரண்டாவது மாதமே நிறுத்திவிட்டார். எங்கள் ஏட்டில் அவருக்கு என்ன பெயர் தெரியுமா? ‘சிகிச்சையைக் கைவிட்டவர்’. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டால் அல்லவா தெரிகிறது! காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டிக்கொண்டு வருகிறது. சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்றால் காலையில் அந்த வீட்டில் அடுப்பே எரிவதில்லை. மருந்து போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மருந்தின் நிறம்தான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ரத்தம் போகிறது என்று பயந்துவிட்டார். சத்துணவுக்கென்று அரசு அனுப்பிய பணம் கணக்கில் ஏறவே இல்லை, கணக்கு முடங்கிக் கிடந்தது. வங்கிக்குப் போனால் அரை நாள் கூலி போகும். அம்மா, இந்த மனிதரா சிகிச்சையைக் கைவிட்டவர்?

சோற்றுக்கும் டி.பி.க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஜார்க்கண்டில் மருத்துவர் அனுராக் பார்கவாவும் அவருடைய குழுவினரும் 2019 முதல் 2022 வரை ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். நம் சேத்துப்பட்டு நிறுவனத்து ஆய்வாளர்களுக்கும் அதில் பங்கு உண்டு. நோயாளிக்கு மாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் எல்லாம் சேர்த்து 10 கிலோ. ஒரு பகுதிக் குடும்பங்களில் கூட இருப்பவர்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. அப்படிக் கொடுத்த குடும்பங்களில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் ஏறிய நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. தடுப்பூசிக்கு இணையாகப் பேச வேண்டிய கணக்கு இது. ரேஷன் பையில் கிடக்கிறது.

அரசு சும்மா இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய சத்துணவு உதவி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். நம் மாநிலத்தில் விவசாயக் கூலிக்காரருக்கு டி.பி. வந்தால், சிகிச்சைக் காலத்தில் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உதவித்தொகை கேட்கலாம். ஆனால் அந்த மனு போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி இல்லை, வி.ஏ.ஓ., அப்புறம் தனி தாசில்தார். டாக்டருக்கு அந்தத் திட்டம் இருப்பது தெரியாது, தாசில்தாருக்கு அந்த நோயாளி இருப்பது தெரியாது. இரண்டு பேரும் நல்லவர்களாகவே இருக்கட்டும், மனு நகர்ந்துவிடுமா?

2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று தமிழ்நாடு ஒன்றைத் தொடங்கியது. நோய் உறுதியான உடனே சில கேள்விகள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? பிடிக்காமல் நிற்க முடிகிறதா? இவற்றில் எதிலாவது மோசமாக இருப்பவரை உடனே ஆஸ்பத்திரிப் படுக்கையில் சேர்க்க வேண்டும். எவ்வளவு சாதாரணமான கேள்விகள் பாருங்கள்! இவற்றோடு ஒன்றைச் சேர்க்கச் சொல்லி ஓய்வு பெறும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ‘வீட்டில் காலையில் அடுப்பு எரிகிறதா?’

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு நம் தெருவுக்கே ஒரு பெண் தன்னார்வலர் வருகிறார். அந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது, எந்தக் கிழவிக்குப் பென்ஷன் நின்றுபோனது, எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் பதிவு செய்ய வேண்டியதோ சர்க்கரையும் அழுத்தமும். இங்கே அதிகாரிகள் யாராவது இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தப் பெண் எழுதிக் கொடுத்தால் வி.ஏ.ஓ. பதில் சொல்லியாக வேண்டும் என்று ஓர் உத்தரவு போடுங்கள். ஊக்கத்தொகையையும் கொஞ்சம் உயர்த்துங்கள். இத்தனை ஆபீஸ்களின் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டுச் சேவை என்று பாராட்டுவது நியாயமில்லை.

இங்கிலாந்தில் இதே வேலைக்குச் சம்பள ஆட்களை வைத்திருக்கிறார்கள். டாக்டரிடம் வருகிறவரின் கடன், தனிமை, வாடகைத் தகராறு எதுவானாலும் உரிய இடத்துக்குக் கூட்டிப்போவது அவர்கள் பொறுப்பு. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். மலப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய வலி தணிப்பு வலையமைப்பில் ஆட்டோ ஓட்டுகிறவர், வாத்தியார், கல்லூரி மாணவர் எல்லாரும் வாரத்தில் இரண்டு மணி நேரமாவது கொடுக்கிறார்கள். பயிற்சி எடுத்துக்கொண்டு, செவிலியரோடு வீடு வீடாகப் போகிறார்கள். புற்றுநோய்க்காரருக்கு மருந்து போகிற அதே வண்டியில் அரிசி மூட்டையும் போகிறது, பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் போகிறது. அதைப் பார்த்துத்தான் 2008இல் கேரள அரசு தனிக் கொள்கையே வகுத்தது. முதலில் நடந்தவர்கள் மக்கள், பின்னால் வந்தது அரசு.

நாமும் அப்படி நடக்கத் தொடங்கலாம். இந்த நூலகத்து நூலகர் ஐயாவிடம் பேசிவிட்டேன். ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை, நாளிதழ் மேசைக்குப் பக்கத்து மேசை நமக்கு. இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும். மனு எழுதத் தெரிந்தவர் ஒருவர், திங்கட்கிழமை கூடவே தாலுகா ஆபீஸுக்கோ வங்கிக்கோ போகக்கூடியவர் ஒருவர். இந்த இரண்டாமவர்தான் முக்கியம்; மனு எழுத ஆயிரம் பேர் கிடைப்பார்கள். யாருக்கு என்ன நோய் என்பது அந்த மேசையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மறுவாரம் ஒருத்தரும் வரமாட்டார்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு வாசலில் நோட்டு வைத்திருக்கிறது. செல்பேசி எண்ணோடு, எந்தக் கிழமை உங்களால் அரை நாள் ஒதுக்க முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.