விடியற்கால ஹாரன்

மறைமலை நகரில் முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வரும் கம்பெனி பஸ், இருட்டோடு தெருமுனையில் நின்று விட்டுவிட்டு ஹாரன் அடிக்கும். ஏற வேண்டியவர் ஒருவர். எழுந்து உட்கார்வது தெரு முழுக்க. இரண்டாம் ஷிப்ட் முடித்து, நள்ளிரவுக்கு மேல் வந்து படுத்தவரும் அதில் உண்டு.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்பீர்கள். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் லாசரசும் சகாக்களும் நடுவயதுக்காரர்கள் 100 பேரை மாதக்கணக்கில் கவனித்து, 1981-இல் முடிவை வெளியிட்டார்கள். மனத்தின் நலிவைக் கணிக்க, வாழ்வின் பெரிய நிகழ்ச்சிகளைவிட அன்றாடச் சில்லறைத் தொல்லைகளே அதிகம் உதவினவாம்!

அதற்கும் முன்பே கிளாஸ், சிங்கர் என்ற இருவர் ஒரு வேடிக்கை செய்தார்கள். இரைச்சலில் உட்கார வைத்து, சிலருக்கு மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, "தாங்கமுடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும்" என்றார்கள். பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. ஆனாலும் பிறகு கொடுத்த புதிர்களோடு, பொத்தான் இல்லாதவர்களைவிட அதிகப் பொறுமையாக மல்லுக்கட்டினார்கள். நிறுத்தலாம் என்ற தெம்பே போதுமாக இருந்தது. நம் தெருக்காரர் கையில் அந்தப் பொத்தான் இல்லை, அதுதான் எரிச்சல்.

சட்டத்தில் இருக்கிறது. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை, அவசரம் தவிர ஹாரன் அடிக்கக் கூடாதென 2010-இலேயே விதி வந்துவிட்டது. டிரைவர் அண்ணே, ஒரு மிஸ்டு கால் கொடுங்களேன்!